செங்கல்பட்டு ஏரிகளை எண்ணிய அயர்லாந்துக்காரர்

பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது, பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்தவர் என்பதுதான். எனக்கு அவர் நம் ஏரிகளை உட்கார்ந்து எண்ணிய மனிதர்.

ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குக் கிழக்கிந்தியக் கும்பெனி ஊழியர்களே கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்திருந்தார்கள். பால் பென்ஃபீல்டு அதில் முக்கியப் புள்ளி. அந்தக் கணக்கெல்லாம் நிஜமா என்றுகூட விசாரிக்காமல், கர்நாடகச் சீமையின் (இன்றைய கர்நாடக மாநிலமல்ல, நவாப் ஆண்ட ஆற்காட்டுச் சீமை) வரிப்பணத்தில் கடனை அடைக்க லண்டன் முடிவு செய்தது. ஹைதர் அலியின் படையெடுப்பில் கருகிக் கிடந்த சீமை அது. 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து இதைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

அந்தப் பேச்சில் ஓர் இடம். கும்பெனியின் ஜாகீராக, அதாவது நவாப் மானியமாகக் கொடுத்த நிலமாக, இருந்த செங்கல்பட்டுச் சீமைக்கு பர்னார்டு என்ற நில அளவையாளர் போட்ட வரைபடத்தைக் காட்டி, இதிலுள்ள நீர்நிலைகளை நானே எண்ணிப் பார்த்தேன், 1,100-க்கு மேல் இருக்கின்றன என்கிறார். இரண்டு மூன்று ஏக்கர் குட்டையிலிருந்து ஐந்து மைல் சுற்றளவுள்ள ஏரிவரை. குடிகளுக்குத் தகப்பனாக இருந்த அரசர்கள் விட்டுப்போன சின்னங்கள் இவை என்கிறார். கரையைக் கட்டவும் வாய்க்காலைத் தூர்வாரவும் பணம் வேண்டுமே, அதைக் கடன்காரன் வாரிக்கொண்டு போனால் விவசாயம் என்னாகும்? இந்தியாவில் கால் வைக்காத ஒருவருக்கு இந்தக் கவலை!

அவர் பிறந்த மண்ணும் இதற்குக் காரணம் என்றே நினைக்கிறேன். டப்ளின்காரர், அம்மா கத்தோலிக்கர். அன்றைய அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கு ஓட்டு கிடையாது, நிலம் வாங்கவும் பல காலம் தடை. கத்தோலிக்கருக்காகவும் அயர்லாந்தின் வணிகத்துக்காகவும் வாதாடியதில் அவரைத் தேர்ந்தெடுத்திருந்த பிரிஸ்டல் தொகுதியே 1780-ல் கைவிட்டுப் போனது.

சரி, அவரிடம் குறையே இல்லையா? இருக்கிறது. அவருக்கு மிக நெருங்கிய வில்லியம் பர்க், நவாபோடு பகை கொண்ட தஞ்சாவூர் ராஜாவின் ஏஜெண்டாக இருந்தவர். இதை மறைத்துவிட்டுப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஏரிக்கணக்கை ஏஜெண்டுக்காகப் போட்டார் என்றும் நான் நம்பவில்லை.

இந்தக் கடன் விவகாரத்தின் ஆவணங்களைக் கேட்டு அன்று வந்த தீர்மானம் தோற்றது. அந்த ஏரிப் பத்தி மட்டுமாவது நம் பள்ளிப் புத்தகத்தில் வர வேண்டும். செங்கல்பட்டுப் பிள்ளைகள் தங்கள் ஊர் ஏரி அந்த 1,100-ல் உண்டா என்று தேடிப் பார்க்கட்டும்.