யார்தான் புரொபஷனல்?

சம்பளம் எப்போது வரும் என்று கேட்டால் "கொஞ்சம் புரொபஷனலா நடந்துக்கோங்க" என்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்குச் சொன்ன வேலையைச் செய்தால் புரொபஷனல், அதற்குக் காசு கேட்டால் இல்லையாம். என்னங்க நியாயம் இது? எங்கள் வியாசர்பாடிப் பேச்சு வாயில் வந்துவிட்டால் போதும், மீட்டிங்கிலேயே முகம் சுளிப்பார்கள், அப்புறம் தனியாகக் கூப்பிட்டு அறிவுரை வேறு. சட்டையை இன் பண்ணிக்கொண்டு, சொன்ன தேதிக்கு ஒரு வேலையைக்கூட முடிக்காதவருக்கு மட்டும் அந்தப் பட்டம் எப்படிக் கிடைக்கிறது?

காசிமேட்டுக்கு விடியற்காலையில் வந்து பாருங்கள். மீன் வெட்டும் அக்கா "குழம்புக்கா, வறுக்கவா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். வறுக்க என்றால் வஞ்சிரம் ஒரே கனத்தில் வட்டவட்டமாக விழும், குழம்புக்கு என்றால் தலையைப் பிளந்து செவுளை எடுத்துத் தனியாகக் கட்டிக் கொடுப்பார், பேசிய காசுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கமாட்டார். பின்னால் பத்து பேர் கத்திக்கொண்டு நின்றாலும் கை பதறாது. இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? அவரை மட்டும் ஏன் 'லேபர்' என்கிறீர்கள்?

தொழில் வரி என்று ஒன்று இருக்கிறது, இங்கிலீஷில் அதற்கும் 'புரொபஷனல் டாக்ஸ்' என்றுதான் பெயர். அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சிக்குப் போகும், ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது. அதை என் சம்பளத்தில் தவறாமல் பிடிக்கத் தெரிந்த ஆபீசுக்கு, அந்தச் சம்பளத்தை ஒன்றாம் தேதி போடத் தெரியாதா?