தனியாளாகச் சோதித்தால் போதாது
மென்பொருள் முழுமையாக வெளிவரும் முன் பயனர்களிடம் கொடுத்துப் பார்க்கும் பீட்டா சோதனை என்றால் பிழைகளைப் பட்டியலிடுவதுதான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அதை என்னால் ஏற்க முடியவில்லை. இணையத்தில் இயங்கும் வடிவமைப்புக் கருவியான ஃபிக்மா 2015 டிசம்பரில் அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டும் திறந்து, 2016 செப்டம்பரில்தான் எல்லோருக்கும் வந்தது. ஒரே கோப்பில் பலர் சேர்ந்து வரையும் வசதியும் அப்போதுதான் அறிமுகமானது. அதை முதலில் எதிர்த்தவர்கள் வடிவமைப்பாளர்களே! பாதி வேலையில் அடுத்தவர் எட்டிப்பார்ப்பதை யார் விரும்புவார்கள்? எந்தப் பிழைப் பட்டியலிலும் இந்தத் தயக்கம் இடம்பெறாது. நான் சோதித்த வேறொரு கருவியில் இருவர் ஒரே பெட்டியை நகர்த்தினால் ஒருவருடைய மாற்றம் சத்தமில்லாமல் அழிந்துவிடும். நான் தனியாகச் சோதித்தபோது அது தெரியவே இல்லை. அதனால் பீட்டா சோதனைக்கான அழைப்பை முழுக் குழுவுக்கும் அனுப்ப வேண்டும், இணைய வேகம் குறைந்த ஒருவரும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.