ஆவியாவது தண்ணீர் மட்டும்தான்

"பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புக் கரைத்த தண்ணீரையே ஊற்றுங்கள்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தப்புங்க. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

காட்பாடியில் என்னுடையது 60 லிட்டர் பவளத் தொட்டி. சித்திரை வெயிலில் மேலே ஃபேன் ஓடினால் தினம் ஒரு லிட்டராவது குறையும். நண்பர் சொல்கிறபடி ஊற்றினால், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு பத்தே நாளில் 41 கிராம் பக்கம் போய்விடும். முதல் வருஷம் நானும் அப்படித்தான் ஊற்றினேன். கண்ணாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது, சோவாந்திட் (பூ மாதிரி விரியும் பவள இன உயிர்) மொட்டுகள் எல்லாம் மூடிக்கொண்டன. அப்புறம்தான் தண்ணீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். அதில் ஒப்படர்த்தி 1.025-இல் நிற்க வேண்டும்.

குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் போதும். போர் தண்ணீர் வேண்டாம், நம்ம ஊர் கெட்டில் அடியில் படிகிற சுண்ணாம்பைப் பார்த்தாலே தெரியுமே. சமையலறை ஆர்.ஓ.வையும் நம்பிவிடாதீர்கள், பலவற்றில் ருசிக்காக ஆர்.ஓ. வடிகட்டி வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறதா என்று பாருங்கள். உப்புக் கலந்த தண்ணீர், பழைய தண்ணீரை எடுத்துவிட்டு மாற்றும் நாளுக்கு மட்டும்.