கொதிக்கும் பாலில் உறை விடாதீர்கள்

‘பாலைக் கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடி ஜாரில் ஊற்றி உடனே உறை விட்டால்தான் தயிர் கெட்டியாகும்’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். அந்தச் சூட்டில் உறையிலுள்ள பாக்டீரியா செத்துவிடும். காலையில் ஜாரில் வெறும் பால்தான் இருக்கும். ஜாரும் விரிசல் விடலாம்.

கெட்டியாவதற்குக் காரணம் வேறு. பாலை 85 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சும்போது அதிலுள்ள வே புரதம் (பால் திரியும்போது பிரியும் நீரில் இருக்கும் புரதம்) குலைந்து, பாலின் முக்கியப் புரதமான கேசினோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் தயிர் அதிகம் நீர் விடாமல் உறைகிறது. அப்புறம் 43 டிகிரி வரை ஆறவிட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா, சரி, ஜாரை உள்ளங்கையால் பிடித்துப் பாருங்கள். இதமாக இருந்தால் உறை விடலாம். கையை எடுக்கத் தோன்றினால் இன்னும் ஆறட்டும்.