எங்கள் இசக்கிக்குக் கதையே இல்லையா?

பாளையங்கோட்டையில் நடந்த புத்தகத் திருவிழாவில் 480 ரூபாய் கொடுத்து அந்தத் திகில் நாவலை வாங்கினேன். நெல்லைச் சீமையையே நடுங்க வைத்த இசக்கியின் கதை என்று அட்டையில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எங்கள் ஊர்களில் கோயில் கட்டிக் கும்பிடும் தெய்வமான இசக்கியைப் பற்றி ஒருவர் முந்நூறு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறாரே என்ற மகிழ்ச்சியில் அன்றிரவே படிக்க உட்கார்ந்தேன். கடைசிப் பக்கத்தை முடித்தபோது மணி மூன்று. கோபத்தில் கை நடுங்கியது. இரண்டு வாரமாகியும் அந்தக் கோபம் தணியவில்லை.

ஊரில் ஒருவரும் அவள் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அன்றிரவே சாவு என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறார். திருநெல்வேலியில் ஏதேனும் ஒரு பள்ளிக்கூடத்தின் வருகைப்பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர் இப்படி எழுதுவாரா? என்னோடு ஐந்தாம் வகுப்பில் மட்டும் மூன்று இசக்கிமுத்துகளும் ஓர் இசக்கியம்மாளும் படித்தார்கள். பிள்ளையில்லாத பெண்கள் அவள் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிறார்கள். பிள்ளை பிறந்ததும் அவள் பெயரையே வைக்கிறார்கள். அதே கோயிலில், ஒரு குழந்தையைக் கையில் ஏந்தி, இன்னொரு குழந்தையை வாயில் கடித்தபடி அவள் மண்ணுருவமாக நிற்கிறாள். பிள்ளையைத் தின்கிறவளிடமே பிள்ளை வரம் கேட்டு ஒரு பெண் கைகூப்பி நிற்கிறாளே, அந்த நிமிடத்தில் அவள் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று எழுதியிருந்தால் நான் விடியும்வரை விளக்கை அணைத்திருக்க மாட்டேன். இவரோ வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், மல்லிகை வாசம், சலங்கைச் சத்தம் என்று எந்த ஊர்ப் பேய்க்கும் பொருந்துகிற அலங்காரத்தைக் கொண்டுவந்து அவளுக்கு மாட்டியிருக்கிறார்.

தேரிக்காட்டில் மூடுபனி சூழ்கிறது, ஓநாய் ஊளையிடுகிறது. காலடி வைத்தால் கணுக்கால் புதையும் செம்மணலும், பனையும், உடைமரமும், உச்சிவெயிலும் இவர் கண்ணில் படவே இல்லை. எங்கள் பயம் நள்ளிரவுக்கு மட்டும் உரியதன்று. “ஏட்டி, உச்சி நேரத்துல அந்தப் பூடத்துப் பக்கம் போவாத” என்றுதான் என் ஆச்சி, தெய்வத்தின் பீடத்தைக் காட்டிச் சொல்லி வளர்த்தாள். நாவலில் வரும் திசையன்விளைக் கிழவி பேசுவது தொலைக்காட்சித் தொடரின் தமிழ். அதைப் பற்றி மேலும் எழுத எனக்குப் பொறுமையில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால், அவள் ஏன் கொல்கிறாள் என்பதற்கு முந்நூறு பக்கத்தில் ஒரு காரணமும் இல்லையே! அவள் கோயில் திருவிழாவான கொடை விழாவில் உடுக்கையும் குடமும் முழங்க, வில்லடித்துப் பாடுகிறவர்கள் இரவெல்லாம் பாடுவது அந்தக் காரணத்தைத்தானே? நம்பி வந்தவளை, மடியில் தலைவைத்து உறங்கும்போது, அவளுடைய நகைக்காக ஒருவன் கல்லால் அடித்துக் கொல்கிறான். பார்த்திருந்த கள்ளிச் செடியைச் சாட்சியாக்கிவிட்டு அவள் சாகிறாள். மறுபிறவியில் அந்தக் கள்ளியின் கொப்பையே குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்கும் சபையில் வந்து நின்று, இவன் என் கணவன் என்று வழக்குரைக்கிறாள். கொலைகாரன் அலறுகிறான், ஊரோ அவள் பக்கம் நியாயம் இருப்பதாக நம்பி, அவனை அவளோடு ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறது. இதைவிடத் திகிலான காட்சி ஒன்றை இந்த நாவலாசிரியரால் கற்பனை செய்ய முடியுமா? கையிலிருந்ததை வீசிவிட்டு, யாரோ ஒரு மந்திரவாதி செப்புக் குடத்தில் அடைத்து வைத்த பேய், குடம் உடைந்ததால் வெளியே வந்தது என்கிறார். வில்லுப்பாட்டில் அந்தக் கொலையைப் பாடும் இடத்தில் என் ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவளுக்கு இசக்கியிடம் பயமும் இருந்தது, இசக்கிக்காக அழுகையும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் இசக்கி.

முடிவுதான் என்னை முற்றிலும் நொறுக்கியது. சென்னையிலிருந்து வரும் ஓர் ஆராய்ச்சியாளர் அவளை எரித்துச் சாம்பலாக்கிவிட, ஊரார் கைதட்டுகிறார்கள். எங்கள் பகுதியில் யார் பேயை அழித்தார்கள்? அகாலமாகச் செத்தவருக்கு ஒரு பூடம் போட்டு, தங்க ஒரு நிலையம் கொடுத்து, அவருக்குப் பிடித்ததைப் படைத்து, எங்களோடு குடியிருக்க வைப்பதல்லவா வழக்கம்? 1809ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரணைப் பிடித்த சண்டையில் காயம்பட்டு இறந்த ஓர் ஆங்கிலேய அதிகாரிக்குக்கூட, அவரைப் புதைத்த மணற்காட்டில் இப்பகுதி மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டார்கள் என்று இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். சண்டையிட வந்த அந்நியனுக்கே அந்த மண்ணில் இடம் கிடைத்திருக்கிறது. இந்த மண்ணிலேயே கொலையுண்ட பெண்ணுக்கு இந்த நாவலில் ஒரு பிடி மண்கூட இல்லை.

கடைசிப் பக்கத்தில் இரண்டாம் பாகம் விரைவில் என்று அறிவித்திருக்கிறார்கள். அதை எழுதத் தொடங்குமுன் அந்த ஆசிரியர் ஒரேயொரு கொடைக்கு வரட்டும். கொடை தொடங்கும் குடியழைப்பு நாளிலிருந்து நள்ளிரவுச் சாமக்கொடை முடியும்வரை தரையில் எங்களோடு உட்கார்ந்து, கள்ளி சாட்சி சொல்லும் அந்த இடத்தைக் காதால் கேட்கட்டும். அதுவரை அந்தப் பெயரை அவர் அட்டையில் அச்சிட வேண்டாம்.