நேராக நிற்காத மூன்று வரிகள்

எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுனில் ஒரு மொழியியல் எடுத்துக்காட்டை ஒழுங்காகப் போடுவதற்குள் உயிர் போய்விடுகிறது. வேண்டியது மூன்றே வரி: மூல வாக்கியம், அதன் கீழே உருபன் விளக்கம் (சொல்லின் பொருள் தரும் சிறு கூறு ஒவ்வொன்றுக்குமான குறிப்பு), கடைசியில் மொழிபெயர்ப்பு. விளக்கம் அந்தந்தச் சொல்லுக்கு நேர் கீழே, இடப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். இத்தகைய எடுத்துக்காட்டுகளுக்கு மொழியியலாளர் பின்பற்றும் லைப்சிக் விதிகளில் முதல் விதியே அதுதான். மார்க்டவுனோ எத்தனை இடைவெளி விட்டாலும் ஒன்றாகச் சுருக்கி, மூன்று வரியையும் ஒரே பத்தியாக்கிவிடும்.

சரி, இடைவெளிகளை அப்படியே காட்டும் கோட் பிளாக்குக்குள் போடலாம் என்றால், அதன் சம அகல எழுத்துரு ரோமன் எழுத்துக்குத்தான் கைகொடுக்கிறது. ‘வீட்டு-க்கு வ-ந்த்-ஆன்’ என்று எழுதிப் பாருங்கள். ‘ட்டு’ ஓர் அகலம், ‘ன்’ வேறோர் அகலம். எடிட்டரில் நேராக நின்றது உலாவியில் கோணிக்கொள்ளும். கோட் பிளாக்குக்குள் சாய்வெழுத்தும் கிடையாது. அட்டவணை போட்டால் நீண்ட வாக்கியம் மடங்காமல் கைபேசித் திரைக்கு வெளியே ஓடுகிறது.

ஆவணங்களை அச்சுக்கோக்கும் லேடெக்கில் (LaTeX) ஜிபி4இ (gb4e) என்ற கூடுதல் தொகுப்பு நீள வரியைத் தானே மடித்து, எண்ணும் இட்டுத் தருகிறது. மார்க்டவுனை வேறு வடிவங்களுக்கு மாற்றும் பான்டாக் கருவிக்கும் இதற்கென வடிகட்டி (கூடுதல் நிரல்) உண்டு, ஆனால் அதைத் தனியாக நிறுவ வேண்டும். எடுத்துக்காட்டின் மொழியே தெரியாத வாசகருக்கு இந்த நேர்வரிசைதான் பிடிமானம். அடிப்படை மார்க்டவுனிலேயே இதற்கு ஒரு குறியீடு எப்போதோ வந்திருக்க வேண்டும்.