பிளாங்கோவைத் திட்டுவதானால் சரியான காரணத்துக்குத் திட்டுங்கள்

2005-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்த கத்ரீனா புயல் என்றதும் அப்போதைய அதிபர் புஷ்ஷுக்குத் திட்டு விழும், மத்திய அரசின் பேரிடர் நிவாரண அமைப்பான ஃபீமாவுக்கு விழும், அப்புறம் லூசியானா கவர்னராக இருந்த கேத்லீன் பிளாங்கோவுக்கும் தலையில் ஒரு குட்டு விழும். (அங்கே கவர்னர் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம்மூர்க் கணக்கில் முதலமைச்சர்.) டிவியில் களைத்துப்போய் நின்றார், தடுமாறினார் என்பார்கள். எனக்கும் அவர் மேல் கோபம் உண்டு. ஆனால் அது அந்த வாரத்துக்காக இல்லை.

2004-இல் ஐவன் புயலுக்குப் பயந்து நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் கிளம்பியபோது நெடுஞ்சாலையிலேயே மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பிளாங்கோ, பக்கத்து மாநிலமான மிசிசிப்பியோடும் பேசி, மக்களை வெளியேற்றும் திட்டத்தைத் திருத்த வைத்தார். 2005 ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமையே நெருக்கடி நிலை அறிவித்தாயிற்று. சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, ஊருக்குள் வரும் தடங்களையும் வெளியே போகும் தடங்களாக மாற்றினார்கள். எதிர்த் தடத்தில் ஓட்டிப் போனவர்களுக்கு வழிகாட்டிப் பலகைகளின் முதுகுதான் தெரிந்திருக்கும். பத்து லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். திங்கட்கிழமை புயல் கரையேறியபோது இவர்கள் யாரும் கூரை மேல் நின்று கையாட்டவில்லை, அதனால் எந்தக் கேமராவிலும் விழவில்லை.

கார் இல்லாதவர்கள் ஊரிலேயே சிக்கினார்கள். அது பெரிய ஓட்டை. நகரத்துக்கும் மாநிலத்துக்கும் அதில் பங்கு உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நகரத்தில் 80 சதவீதம் மூழ்கியதற்குக் காரணம், மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் படை கட்டிய வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்தது. தேசியக் காவல் படையைத் தன் கட்டுப்பாட்டுக்குள் விடும்படி புஷ் கேட்டபோது, 24 மணி நேர அவகாசம் வாங்கிக்கொண்டு பிளாங்கோ முடியாது என்றார். அதைப் பிடிவாதம் என்றார்கள். அந்தப் படை ஏற்கெனவே அவர் உத்தரவில் தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தது. பாதியில் எதற்குக் கை மாற்ற வேண்டும்?

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

வீட்டைத் திரும்பக் கட்ட அவர் அரசு கொண்டுவந்த திட்டத்துக்குப் பெயர் ரோட் ஹோம். அதற்குப் பணம் வாங்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முதலில் ஒதுக்கிய 1,150 கோடி டாலரில் எந்த மாநிலத்துக்கும் 54 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று நிபந்தனை. சேதத்தில் பெரும் பகுதி லூசியானாவில், கிடைத்ததோ 620 கோடி. கடலில் எண்ணெய் எடுக்கும் குத்தகையைத் தடுப்பேன் என்று வாஷிங்டனை மிரட்டிப் பார்த்தார். இன்னொரு 420 கோடி வந்தது. அதுவரை சபாஷ்.

அந்தப் பணத்தைப் பிரித்த விதம்தான் கொடுமை. உச்சவரம்பு ஒன்றரை லட்சம் டாலர். புயலுக்கு முன் வீட்டின் சந்தை விலை, திரும்பக் கட்டும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கறுப்பினத்தவர் வாழும் பகுதியில் வீட்டு விலை காலங்காலமாகவே குறைவு. பலகையும் ஆணியும் கொத்தனார் கூலியும் அவர்களுக்கு மட்டும் குறைவாகவா கிடைக்கும்? ஒரே அளவு வீடு, ஒரே அளவு சேதம், தெரு மாறினால் தொகை மாறும். மத்திய வீட்டுவசதித் துறையும் இதற்குத் தலையாட்டியது. வழக்குப் போட்டு, 2011-இல்தான் 6.2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

அதற்குள் பிளாங்கோ பதவியை விட்டுப் போய்விட்டார். 2007 மார்ச்சில், மறுபடி போட்டியிடவில்லை என்று அறிவித்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் சில ஆயிரம் பேருக்குத்தான் காசு போயிருந்தது. 2019-இல் புற்றுநோயில் இறந்தார். அப்போதும் அஞ்சலிக் கட்டுரைகளில் அந்தப் புயல் வாரம்தான் பெரிதாகப் பேசப்பட்டது.

நியூ ஆர்லியன்ஸில் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த லோயர் நைன்த் வார்ட் பகுதியின் படங்களைப் பாருங்கள். புல் மண்டிய மனைகளில் வாசல் படிக்கட்டு மட்டும் நிற்கும். மூன்று நான்கு படி, சிமென்ட்டில். ஏறினால் வீடு இருக்காது.